"எங்களுக்கும்தான் மாதாமாதம் வருகிறது"

மாதவிடாய் வலிக்கு லீவ் வேண்டும் என்று எழுதிய ஒரு பெண்ணை நேற்று இங்கே எப்படிக் கேலி செய்தார்கள் என்று எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திரும்ப எழுதவில்லை. ஆண்களின் கேலி பழகிவிட்டது. "எங்களுக்கும்தான் மாதாமாதம் வருகிறது, நாங்கள் என்ன படுத்தா கிடக்கிறோம்?" என்று ஒரு பெண்ணே எழுதினார் பாருங்கள், அதற்கு விழுந்த ஹார்ட்டுகளைப் பார்த்துத்தான் தூக்கம் போனது.

உங்கள் வலியும் அவள் வலியும் ஒன்றில்லை, மேடம். வழக்கமான வலி புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் சுரந்து கருப்பை சுருங்குவதால் வருவது. ஓரிரு நாளில் அடங்கிவிடும். எண்டோமெட்ரியோசிஸில் கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு சினைப்பையிலும் குடல் மேலும் ஒட்டி வளரும். அடினோமயோசிஸ் என்றால் கருப்பையின் தசைக்குள்ளேயே புகுந்துவிடும். அப்புறம் கருப்பையில் வளரும் ஃபைப்ராய்டு கட்டிகள். இவற்றில் தேதிக்கு முன்பே வலி தொடங்கலாம், ரத்தம் நின்ற பிறகும் நிற்காமல் போகலாம். சிலருக்கு மலம் கழிக்கும்போதுகூட உயிர் போகும்.

எனக்கும் அப்படித்தான் உயிர் போனது. 9 வருடம். ஒவ்வொரு ஸ்கேனிலும் "எல்லாம் நார்மல்". எண்டோமெட்ரியோசிஸ் ஸ்கேனில் படாமலும் இருக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான்தான் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் வயிற்றில் சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்து பெயர் சொன்னார்கள். நோய் இருக்கிறது என்றதும் சந்தோஷப்பட்ட ஆள் நான்.

"பொய் சொல்லி லீவ் எடுப்பவர்கள் இல்லையா?" இருக்கிறார்கள். காய்ச்சல் என்றும்தான் பொய் சொல்கிறார்கள். அதற்காகக் காய்ச்சலே பொய் என்றா சொல்கிறோம்? "இப்படிக் கேட்டால் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள்" என்பது நியாயமான பயம், என்னிடம் பதில் இல்லை. ஆனால் "குழந்தை பெற்றால் சரியாகிவிடும்" என்று இன்பாக்ஸில் வந்தவரே, உலகத்தில் சுமார் 19 கோடிப் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முழுசாகக் குணமாக்க இன்னும் வழியில்லை என்றும் அதே நிறுவனம்தான் சொல்கிறது. உங்களிடம் வழி இருக்கிறதே, அவர்களுக்கு ஒரு கடிதம் போடக் கூடாதா?

சரி, கோபத்தில் எங்கோ போகிறேன். எனக்கு முதன்முதலில் "பொறுத்துக்கோ" என்று சொன்னது அம்மா. அவரும் மாதத்தில் 4 நாள் சுவரோரம் சுருண்டு கிடந்தவர்தான். கருப்பையை எடுத்தார்கள். எதற்கு என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. எண்டோமெட்ரியோசிஸ் குடும்பத்தில் தொடரக்கூடியது என்று தெரிந்த பிறகும் நான் கேட்கவில்லை. அந்தப் பெண்மணியைத் திட்டுகிற எனக்கு இது உறைக்க நேற்று ராத்திரி ஆகிவிட்டது. உடனே போன் செய்து, பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்றேன்.

"அதை எதுக்குடி வெச்சுக்கணும்? ஆபரேஷன் முடிஞ்ச மறுவாரமே தூக்கிப் போட்டாச்சு" என்றார்.