அண்டர்ரைட்டருக்கும் வருஷா வருஷம் படிப்பு கட்டாயம் ஆகணும்

இன்சூரன்ஸ்ல பாலிசி விக்கிற ஏஜென்ட் ஐசி-38 பரீட்சை எழுதி பாஸாகணும். பிஓஎஸ்பியா, அதாவது எளிய பாலிசி மட்டும் விக்கறவரா, சேர்றவருக்குக் கூட 15 மணிநேர ட்ரெய்னிங் இருக்கு. பிரீமியக் கணக்கு போடற ஆக்சுவரி வருஷா வருஷம் சிபிடி (தொடர் படிப்பு) கணக்கு காட்டணும், ஆடிட்டரும் அப்படித்தான். ஆனா ஒரு மில்லை இன்சூரன்ஸுக்கு எடுக்கலாமா வேணாமா, என்ன ரேட்டு, என்ன கண்டிஷன்னு முடிவு பண்ற அண்டர்ரைட்டருக்கு? லைசென்ஸும் கிடையாது, வருஷத்துக்கு இத்தனை மணிநேரம் படிச்சே ஆகணும்னு இன்சூரன்ஸ் ரெகுலேட்டர் ஐஆர்டிஏஐயோட விதியும் கிடையாது. கம்பெனி மனசு வச்சாதான் உண்டு. இதே டெஸ்க்ல ரொம்ப காலமா உக்காந்திருக்கறவனா சொல்றேன், இது பெரிய ஓட்டை.

மும்பையில இருக்கற இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியாவோட லைசென்ஷியேட், அசோசியேட், ஃபெலோஷிப் எல்லாம் நல்ல படிப்புதான், நான் குறை சொல்லல. ஆனா 28 வயசுல ஃபெலோஷிப் முடிச்சவர் 58 வயசு வரைக்கும் அதை வச்சே ஓட்டிடலாம்னா எப்படி? ஒரு காலத்துல ஓடுச்சு, ஏன்னா எல்லா கம்பெனிக்கும் ஒரே ரேட்டு போட்ட டேரிஃப் புக்கைத் திறந்தா ரேட்டு இருக்கும், பாத்து எழுதினா போதும். 2007 ஜனவரி 1ல ஃபயர், இன்ஜினியரிங், மோட்டார் ஓன் டேமேஜ் (சொந்த வண்டி சேதம்) ரேட்டையெல்லாம் அவுத்து விட்டாங்க, அன்னையில இருந்து ரிஸ்கை எடை போடறது நம்ம தலையில. இன்னும் நிறைய பேர் போன வருஷ ரேட்டுல கொஞ்சம் கூட்டி கொறைச்சு ரின்யூவல் போடறாங்க, அதுக்குப் பேர் அண்டர்ரைட்டிங்கே இல்ல.

2022 செப்டம்பர்ல செகந்திராபாத்ல ஒரு ஹோட்டல் தீ விபத்து, 8 பேர் செத்தாங்க. அதே பில்டிங்ல கீழ எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம், தீ அங்கருந்துதான் மேல ஏறுச்சு. ப்ரொப்போசல்ல, அதாவது இன்சூரன்ஸ் கேட்டு தர்ற விண்ணப்பத்துல, 'ஷோரூம்'னு ஒத்தை வார்த்தைதான் வரும். உள்ள ராத்திரி பூரா பேட்டரி சார்ஜ் ஏறுதா, எங்க ஏறுதுன்னு கேக்கணும்னு அண்டர்ரைட்டருக்குத் தோணணும்ல, லித்தியம் பேட்டரி எப்படி எரியும்னு எங்கயுமே படிக்காதவருக்கு அது எப்படித் தோணும்?

ஹெல்த்லயும் இதே கதைதான், விதி மாறிக்கிட்டே இருக்கு. ஏற்கனவே இருக்கற நோய்க்கு அதிகபட்ச வெயிட்டிங் பீரியட் 48 மாசத்துல இருந்து 36 ஆச்சு, மொரட்டோரியம் (இது முடிஞ்சா, மோசடி தவிர, நோயை மறைச்சார்னு சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது) 8 வருஷத்துல இருந்து 60 மாசம் ஆச்சு, எல்லாம் 2024 ஏப்ரல்ல இருந்து. உடம்பு நோய்க்கு எந்த அடிப்படையில இன்சூரன்ஸ் தர்றீங்களோ அதே அடிப்படையில மனநோய் சிகிச்சைக்கும் தரணும்னு 2017 மனநலச் சட்டம் சொல்லுது, ஆனா டிப்ரஷன் மாத்திரை பேரைப் பாத்த உடனே டிக்ளைன் அடிக்கற கை இன்னும் இருக்கு. அந்தக் குடும்பம் நாளைக்கு ஹார்ட் அட்டாக் வந்தா எங்க போய் நிக்கும்?

கட்டாயம் ஆக்கினா எல்லாரும் சர்ட்டிஃபிகேட்டுக்கு மட்டும் படிப்பாங்கன்னு ஒரு வாதம் வரும். உண்மைதான். மார்ச் கடைசி வாரம் ஆபீஸ்ல பாருங்க, இ-லேர்னிங் மாட்யூல் ஒரு ஜன்னல்ல மியூட்ல ஓடும், இன்னொரு ஜன்னல்ல ரின்யூவல் ஓடும், கடைசில பத்து கேள்வி, பக்கத்து சீட்டுல விடை கேட்டு கிளிக். இதை நான் படிப்புன்னு சொல்லவே மாட்டேன்.

எனக்கு வேண்டியது வேற. கட்டாயப் படிப்பு மணிநேரத்துல பாதி க்ளெய்ம் ஃபைல் படிக்கறதுக்கும் சைட்டுக்குப் போறதுக்கும் ஒதுக்கணும். ஒரு ஸ்பின்னிங் மில் சர்வே ரிப்போர்ட்ல இருந்த ஒரு போட்டோ எனக்கு மறக்கவே மறக்காது: கதவில்லாத எலெக்ட்ரிக் பேனல், உள்ள வயர் மேல விரல் தடிமனுக்குப் பஞ்சு, பக்கத்துல ஃபயர் பக்கெட்ல மணலுக்குப் பதிலா பீடித்துண்டு. எந்த மாட்யூலும் சொல்லித் தராததை அந்த ஒரு போட்டோ சொல்லுச்சு. ஆனா நம்ம ஊர்ல க்ளெய்ம் ஃபைல் க்ளெய்ம்ஸ் டிபார்ட்மென்ட்டோட பூட்டிக் கிடக்கு, அந்த ரிஸ்கை எடுத்த அண்டர்ரைட்டர் கண்ணுக்கே வர்றதில்ல.

டார்கெட் நெருக்கடியில நேரம் எங்கனு கேக்கற மேனேஜர்களுக்காகத்தான் இது ரெகுலேட்டர் கிட்ட இருந்து வரணும்னு சொல்றேன். ஆபீஸ் நேரத்துக்குள்ள, கம்பெனி செலவுல, மணிநேரம் முடிக்காதவருக்குப் பெரிய ரிஸ்க்ல கையெழுத்துப் போடற அதிகாரம் கிடையாதுன்னு ஐஆர்டிஏஐ ஒரு வரி எழுதட்டும். அந்த வரி வந்துட்டா எந்த மேனேஜரும் தானா நேரம் கண்டுபிடிச்சிடுவாரு.