‘அவசரம்னா கூப்பிடுங்க’ என்பவர்களுக்கு

"அவசரம்னா கூப்பிடுங்க, உடனே வந்து ரத்தம் குடுக்கிறேன்." நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் பிரசவ ரத்தப்போக்கில் அந்த வாக்கு நேரத்துக்கு உதவாது.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் கருப்பை கல்போல இறுகினால்தான் அந்தக் குழாய்கள் அடைபடும். இறுகாமல் தளர்ந்து கிடந்தால் பத்து நிமிடமே பெரிய காலம். கர்ப்பத்தில் ரத்த அளவு கூடியிருப்பதால் ஒரு லிட்டர் போகும்வரைகூட நாடியும் பிரஷரும் காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம்.

நீங்கள் ஓடிவந்து படுத்தால் பை நிரம்பப் பத்து நிமிடம் போதும். அதை அப்படியே ஏற்ற முடியாதே! எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் பரிசோதனைகள், பிறகு சிவப்பணுவையும் பிளாஸ்மாவையும் பிரிப்பது என்று பல மணி நேரம் ஓடிவிடும். அதன்பின் கிராஸ் மேட்ச், அதாவது தாயின் ரத்தத்தோடு அது பொருந்துகிறதா என்ற சோதனை, முழுமையாகச் செய்தால் சுமார் முக்கால் மணி நேரம். மிஞ்சிய அவசரத்தில் கிராஸ் மேட்ச் இல்லாமலே ஓ நெகட்டிவ் ஏற்றுவார்கள். அதுவும் ஃபிரிட்ஜில் ஏற்கெனவே இருந்தால்தான். அன்றைக்கு அந்தத் தாயைக் காப்பாற்றுவது, முன்பின் தெரியாத ஒருவர் போன வாரமோ போன மாதமோ கொடுத்துவிட்டுப் போன பை.

"புருஷன் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்குக் கணவன் ரத்தம் ஏற்றுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். அவன் சிவப்பணுவில் உள்ள, அவளிடம் இல்லாத கூறுகளுக்கு எதிராக அவள் உடம்பு ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) உண்டாக்கலாம். அடுத்த குழந்தை அதே கூறுகளை அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டால், அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடியைக் கடந்து போய்ச் சிசுவின் சிவப்பணுவை அழிக்கலாம். அவள் அப்பா, அண்ணன், தங்கை கொடுத்தாலும் அந்த ரத்தத்துக்குக் கதிர்வீச்சு காட்டிய பிறகே ஏற்றுவது பாதுகாப்பு. கட்டாயத்தில் வரும் உறவினர், பிறர் முன்னால் கூச்சப்பட்டு, தொற்று ஆபத்து பற்றிய உண்மையை மறைப்பதும் உண்டு. தொற்று புதிதாக இருந்தால் பரிசோதனையிலும் தெரியாமல் போகலாம்.

வாட்ஸ்அப்பில் ரத்தம் கேட்டு அழைப்பு போட்டாலும் சிக்கல்தான். ஒரே நாளில் நாற்பது பேர் வருவார்கள். சிவப்பணு 35 முதல் 42 நாள்தான் தாங்கும். தேவையில்லாமல் குவிந்தது வீணாகும். அந்த நாற்பது பேரும் அடுத்த மூன்று மாதத்துக்குக் கொடுக்க முடியாது. பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து, மாதத்துக்கு ஒரு குழு போனால் இருப்பு தீராது. பெண்களும் கொடுக்கலாம், ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருந்து, இப்போது கர்ப்பமாகவோ தாய்ப்பால் கொடுப்பவராகவோ இல்லாமல் இருக்க வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ரத்த வகையோடு ஆன்டிபாடி பரிசோதனையும் ஆரம்பத்திலேயே செய்யுங்கள். ஆன்டிபாடி இருப்பதாக வந்தால், பொருந்தும் பையைத் தேடவே சில நாள் ஆகலாம். அந்த ரிப்போர்ட்டின் நகல் பிரசவத் தேதிக்கு முன்பே ரத்த வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும்.