ஸ்கேன் பிரதிகளில் எழுத்தை மட்டும் பெருப்பிக்க முடியாது

மட்டக்களப்பில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்கு 6 அங்குலக் கிண்டில் (மின்நூல் வாசிக்கும் கருவி) ஒன்றே போதும், இலங்கைத் தமிழ் நூல்களைத் திரட்டித் தரும் ‘நூலகம்’ இணையத்தளத்துப் பீடிஎஃப் நூல்களையும் அதில் எழுத்தைப் பெருப்பித்து வாசிக்கலாம் என்று மேலே ஒருவர் எழுதியுள்ளார். அந்நூல்களில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தாது என்பதை அன்புடன் தெரிவிக்க விரும்புகிறேன். அவை அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்து எடுத்த படங்கள். ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் அகலமான பக்கம் 9 சென்ரிமீற்றர் திரைக்குள் அடங்கும்போது எழுத்தும் அதே விகிதத்தில் சுருங்குகிறது. பெருப்பித்தாலோ வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடுவதால், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க நேர்கிறது. ஒரு பக்கத்தில் இரண்டு நெடும்பத்திகளாக அச்சான பழைய சஞ்சிகைகளில் வரி குறுகியது என்பதால், அவற்றில் மட்டும் இந்தச் சிரமம் கொஞ்சம் குறைவு.

கருவியை வாங்குமுன் இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். அத்தளத்தின் நூலொன்றைக் கணினியில் திறந்து, ஒரு சொல்லைச் சுட்டியால் தெரிவுசெய்ய முயலுங்கள். தெரிவாகாவிட்டால் அது வெறும் படமே. ஒப்பிடுவதற்கு, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின், படமாக அன்றி எழுத்துகளாகவே உள்ள யுனிகோட் உரைநடை நூல் ஒன்றை உலாவியில் திறந்து எழுத்தளவைக் கூட்டினால், வரிகள் திரையின் அகலத்துக்கேற்பத் தாமே மடங்குவதைக் காண்பீர்கள். நூலகம் தளத்துக் கோப்புகளே முதன்மைத் தேவை எனில், 10 அங்குல டெப் ஒன்றே பொருத்தமானது என்பது என் கருத்து.