அப்பாவின் பென்ஷனும் செல்வியக்காவின் ஆயிரமும்

நீதிபதிகளின் சம்பளம், பென்ஷன் பற்றி 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்ன அந்தப் பழைய செய்தியை நேற்றிலிருந்து எட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள். "உங்கப்பா ஜட்ஜா இருந்தவர்தானே, இப்ப சந்தோஷமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சந்தோஷம் இல்லை. மனசு கசந்துபோய்த்தான் எழுதுகிறேன்.

வேலையே செய்யாதவர்களுக்கு அள்ளிக் கொடுக்க மாநிலங்களிடம் பணம் இருக்கிறது, நீதிபதிகளின் சம்பளம், பென்ஷன் என்றால் மட்டும் நிதி நெருக்கடி வந்துவிடுகிறது. அப்போது சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருந்த கவாயின் அமர்வு சொன்னதன் சாரம் இது. இதில் பின்பாதி நூற்றுக்கு நூறு உண்மை. முன்பாதியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

முதலில் அந்த உண்மையைப் பேசிவிடுகிறேன். நீதிபதியின் சம்பளம் அரசின் தயவில் இருக்கக் கூடாது. நாட்டிலேயே அதிக வழக்குகளில் நிற்கும் கட்சிக்காரர் அரசாங்கம்தான். நிலத்தை எடுத்துக்கொண்டு இழப்பீடு தராத கலெக்டர் ஆபீஸின் ஜீப்பை ஜப்தி செய்யச் சொல்லி உத்தரவு போடுகிறார் ஒரு சப் ஜட்ஜ். அவருடைய சம்பள அரியர் ஃபைல் அதே அரசின் நிதித்துறையில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அவரை அந்த நிலையில் நிறுத்துவது சரியா?

அரசியல் சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. சுப்ரீம் கோர்ட், ஹைகோர்ட் நீதிபதிகளின் சம்பளத்தை அரசின் பொதுக் கஜானாவான தொகுப்பு நிதியிலேயே கட்டிவிட்டார்கள். அதைச் சபையில் ஓட்டுக்கு விட முடியாது, பதவியேற்ற பிறகு அவர்களுக்குப் பாதகமாக மாற்றவும் முடியாது. தாலுகா கோர்ட்டில் உட்காரும் முன்சீப்புக்கு அந்த வேலி இல்லை. நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் பார்க்கிற ஒரே நீதிபதி அவர்தான்.

அந்த வேலிக்காகத்தான் அகில இந்திய நீதிபதிகள் சங்கம் வருஷக்கணக்காக வழக்கு நடத்துகிறது. கீழ்க்கோர்ட் நீதிபதிகளின் சம்பளத்தை ஆராய ஜெகந்நாத ஷெட்டி கமிஷன், அப்புறம் பத்மநாபன் கமிட்டி, அப்புறம் வெங்கடராம ரெட்டி கமிஷன். இந்தக் கடைசிக் கமிஷன் அமைந்தது 2017-ல். அறிக்கை 2020-ல். சம்பளப் பரிந்துரையைக் கோர்ட் ஏற்றது 2022-ல். பணம் கணக்காக வேண்டிய தேதியோ 1-1-2016. அதற்குப் பிறகும் நிலுவையை வாங்க, 2024 ஆகஸ்டில் பல மாநிலங்களின் தலைமைச் செயலாளர்களை நேரில் வரச்சொல்ல வேண்டியிருந்தது. நம் மாநிலமும் அந்தப் பட்டியலில் இருந்தது.

"ஹைகோர்ட் ஜட்ஜுக்கு மாசம் இரண்டேகால் லட்சம், இன்னும் என்ன வேணும்?" என்று கேட்பீர்கள். நான் பேசுவது அவரைப் பற்றி இல்லை. புதிதாகச் சேரும் சிவில் ஜட்ஜின் அடிப்படைச் சம்பளம் 77,840. அதுவும் இந்தக் கமிஷனுக்குப் பிறகு. முன்பு அது 27,700. "லஞ்சம் வாங்கும் நீதிபதிகள் இல்லையா?" இருக்கிறார்கள், பிடித்து உள்ளே போடுங்கள். "தங்கள் சம்பளத்தைத் தாங்களே உயர்த்திக்கொள்கிறார்களே?" இந்தக் கேள்வி நியாயமானது. கமிஷனில் நீதித்துறைக்கு வெளியே இருப்பவர்களும் உட்காரலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் முடிவை நிதித்துறை கையில் மட்டும் கொடுக்காதீர்கள்.

அப்பா பண்ருட்டிப் பக்கம் முன்சீப்பாக இருந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஒருநாள் காலையில் வாசல் திண்ணையில் ஒரு பலாப்பழம். யார் வைத்தார்கள் என்று தெரியாது. வீடு முழுக்க வாசனை. நானும் தம்பியும் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறோம். அப்பா கோர்ட் சேவகரான டபேதாரைக் கூப்பிட்டு அனாதை இல்லத்தில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். தம்பி தேம்பித் தேம்பி அழுதான். அந்த ஊரில் இருந்த வரைக்கும் நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போனதில்லை. ராத்திரி சாப்பாட்டு மேஜையில் வழக்குக் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு அப்பா தீர்ப்பு எழுதுவார். நாங்கள் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

அந்த மனிதர் பென்ஷன் திருத்தத்துக்காக ஓர் அலுவலகத்துக்கு எத்தனை தடவை நடந்தார் தெரியுமா? "ஜட்ஜா இருந்தவர், உங்களுக்கு என்ன சார் அவசரம்?" என்று அங்கே ஒருவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அரியர் வந்தபோது அப்பா இல்லை. அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

அதனால் நீதிபதிகளின் வலி எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல வராதீர்கள்.

அதே வாயால்தான் கேட்கிறேன். வேலையே செய்யாதவர்கள் என்றால் யார்? மத்தியப் பிரதேசத்தில் லாட்லி பெஹ்னா திட்டத்தில் மாதாமாதம் பணம் வாங்கும் பெண்களா? 2025 தேர்தலில் மாதம் 2,100, 2,500 ரூபாய் என்று வாக்குறுதி கேட்ட டெல்லிப் பெண்களா? எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் செல்வியக்கா 2023 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வாங்குகிறார். காலை ஐந்து மணிக்குக் குடிதண்ணீர் பிடித்து வைத்து, மாமியாரைக் குளிப்பாட்டி, மூன்று வீட்டு வேலை முடித்துப் போகிறவர். என் அம்மா சம்பளம் என்று ஒரு ரூபாய் வாங்கியதில்லை. அப்பா தீர்ப்பு எழுதிய அத்தனை ராத்திரியும் எங்களைச் சத்தம் போடாமல் தூங்கவைத்தது அம்மாதான். அது வேலை இல்லையா?

நீதிபதியின் சம்பளம் உரிமை. உரிமையைக் கேட்கப் பக்கத்து இலையைக் காட்ட வேண்டியதில்லை. காட்டினால், பட்ஜெட்டில் எங்களுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள் என்று வரிசையில் நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. வரிசையில் நிறுத்தக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை வருஷ வழக்கு? எப்போதோ சொன்ன ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு கோபமா என்பவர்களுக்கு: நீதிபதி ஆசனத்திலிருந்து வரும் வாக்கியம் ஊர் முழுக்கப் போகும்.

எங்கள் வீடு வரைக்கும் வந்துவிட்டது. இன்று காலை டிவியில் அந்தச் செய்தி மறுபடி ஓடும்போது செல்வியக்கா கையில் சோப்பு நுரையோடு வந்து நின்றார்.

"கோர்ட்டுல எங்க ஆயிரத்த நிறுத்தச் சொல்லிட்டாங்களாம்மா?"

இல்லக்கா, அது வேற விஷயம் என்றேன். சரி என்று தலையாட்டினார். ஆனால் செய்தி முடியும் வரைக்கும் அங்கேயே நின்றிருந்தார்.