அப்டேட் அடித்தால் அது வெர்ஷன் ஆகாது

நாலைந்து டீம் ஒரே டெவலப்மென்ட் டேட்டாபேஸில் ஸ்பெக் (மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற விவரக் குறிப்பு) எழுதுகிற இடங்களில் “எங்களிடம் வெர்ஷன் உண்டு” என்பார்கள். திறந்து பார்த்தால் டேபிளில் வெர்ஷன் என்று ஒரு நெடுவரிசை இருக்கும். அப்டேட் அடிக்கும்போதெல்லாம் அதில் ஒன்று கூடும், பழைய வாசகம் போயே போச்சு. எத்தனை முறை அழித்தோம் என்ற கணக்கு அது.

ஸ்பெக் வேறு, அதன் பதிப்பு வேறு. இரண்டுக்கும் தனித்தனி டேபிள் வேண்டும். முதலாவதில் மாறாத அடையாள எண், அப்ளிகேஷன், பொறுப்பான டீம், அவ்வளவே. வாசகமும் நிலையும் தேதியும் இரண்டாவதில். ‘வரைவு’ நிலையில் உள்ள ரோவை (டேபிளின் ஒரு வரியை) திருத்தலாம்; ‘ஒப்புதல்’ ஆனதை யாரும் தொடக்கூடாது. இதை ஆளின் ஒழுக்கத்தை நம்பி விடாமல் ட்ரிகர் (டேபிளில் மாற்றம் வரும்போது டேட்டாபேஸே தானாக ஓட்டும் சின்ன நிரல்) போட்டுத் தடுங்கள். ஒரு ஸ்பெக்குக்கு ஒரே வரைவு என்பதற்கு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால், பார்ஷியல் யூனிக் இண்டெக்ஸ் (வரைவு ரோக்களில் மட்டும் ஒரே ஸ்பெக் எண் இருமுறை வராமல் தடுப்பது) போதும். அடையாள எண்ணாக 4.2.1 மாதிரி பத்தி எண்ணை வைக்காதீர்கள். நடுவில் ஒரு பத்தி நுழைந்தால் டெஸ்ட் கேஸ்கள் எல்லாம் வேறெதையோ காட்டும்.

ஒரே வரைவை இருவர் திறந்தால்? பூட்டு வைத்தால் பூட்டியவர் லீவில் போய்விடுவார். அப்டேட்டின் நிபந்தனையில், படித்தபோது இருந்த திருத்த எண்ணையும் (சேமிக்கும்போதெல்லாம் ஒன்று கூடும் எண்) சேருங்கள். ஒரு ரோவும் மாறவில்லை என்று வந்தால், இடையில் இன்னொருவர் கைவைத்துவிட்டார் என்று தெரிந்துவிடும்.

தலைவலியே இணைப்புகளில்தான். ஆர்டர் திரையின் ஸ்பெக், வாடிக்கையாளர் குறியீட்டின் வரையறையைச் சுட்டுகிறது. எந்தப் பதிப்பை? பதிப்பு 2 என்று ஆணி அடித்தால், 3 வந்ததும் சுட்டுகிற ஐம்பது ஸ்பெக்கையும் திருத்த வேண்டும். ‘கடைசிப் பதிப்பு’ என்று மிதக்கவிட்டால், போன ரிலீஸின் ஸ்பெக்கை இன்று திறக்கும்போது அன்று இல்லாத வரையறை தெரியும். வரைவில் மிதக்கட்டும், ரிலீஸில் ஆணி அடியுங்கள். அதற்கு மூன்று நெடுவரிசை கொண்ட பேஸ்லைன் டேபிள் (ஒரு ரிலீஸில் எந்த ஸ்பெக்கின் எந்தப் பதிப்பு என்ற பட்டியல்) போதும்: பேஸ்லைன் எண், ஸ்பெக் எண், பதிப்பு எண். 2,000 ஸ்பெக் என்றாலும் 2,000 சின்ன ரோதான்.

பலர் இதைச் செய்யாமல் மொத்த அப்ளிகேஷனையும் ‘_புதுசு’ என்று நகல் எடுக்கிறார்கள். ஒரு பிழையை இரண்டு இடத்தில் திருத்த வேண்டிவரும், ஒன்றை மறப்பார்கள். ஆரக்கிள் டிசைனர் என்ற வடிவமைப்புக் கருவியின் ஆரம்பப் பதிப்புகளிலும் அப்ளிகேஷன் முழுவதற்கும் சேர்த்துத்தான் புதுப் பதிப்பு. ஒவ்வொரு பொருளுக்கும் தனி செக்-இன், செக்-அவுட் (திருத்த எடுப்பதும் திரும்பச் சேர்ப்பதும்) அதன் 6ஐ பதிப்பில்தான் வந்தது.

இன்னொன்று. புரொடக்‌ஷன் நகலை டெவலப்மென்ட் டேட்டாபேஸின் மேல் ஏற்றும் நாளில், அதே ஸ்கீமாவில் (டேட்டாபேஸுக்குள் டேபிள்களின் ஒரு பிரிவு) வைத்திருந்த ஸ்பெக் எல்லாம் சத்தமில்லாமல் போய்விடும். தனி டேட்டாபேஸில் வையுங்கள். குறைந்தபட்சம் தனி ஸ்கீமா, தனி பேக்கப். அந்த பேக்கப்பை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்தும் பாருங்கள்.