சும்மா நின்றால் நடிப்பாகிவிடுமா?

பழைய ஹாலிவுட் நடிகை பெட்டி டேவிஸின் வீடியோ ஒன்றுக்குச் சமூக வலைத்தளத்தில் விழுந்த சிரிப்பு எமோஜிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அரை நிமிடத் துண்டை வெட்டிப் போட்டு, 'அந்தக் காலத்தில் இதுதான் நடிப்பாம்' என்று ஒரு நக்கல். இவ்வளவு சத்தம் எதற்கு, இயல்பாகச் சும்மா நின்றால் போதாதா என்பது போட்டவரின் கட்சி. சரி, அது எந்தப் படம்? 1950இல் வந்த 'ஆல் அபௌட் ஈவ்'. அதில் அவருக்கு வேடமே பிராட்வே நடிகை. வீட்டுக்கு வந்தும் மேடையை விட்டு இறங்காத பெண். அவள் வாய்க்குள் முனகியிருந்தால்தான் தப்பு.

அதே படத்தில், காதலனோடு சண்டை போட்டுக்கொண்டே சாக்லேட் ஜாடியைத் திறப்பார். தின்னலாமா வேண்டாமா என்று தடுமாறுவார். வாய் சண்டையில், கண் சாக்லேட்டில். கடைசியில் ஆத்திரத்தோடு வாயில் போட்டுக்கொள்வார். வயது ஏறுகிற பயம் மொத்தமும் அதில் இருக்கிறது. வெட்டிப் போட்டவருக்கு அது தெரியவில்லை, பாவம்.

சத்தமாக நடிப்பதும் வித்தை, அடக்கி நடிப்பதும் வித்தை. இயல்பான நடிப்பு என்று இன்று நீங்கள் கும்பிடுகிற ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோவையே அன்று 'முணுமுணுக்கிறான்' என்று கிண்டல் செய்தார்கள். 'ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்'டில் (1954) கதாநாயகி தவறவிட்ட கையுறையை எடுத்துத் தன் கையிலேயே மாட்டிக்கொள்வாரே, அது தானாக வந்ததா? நடிப்பு ஆசிரியை ஸ்டெல்லா ஆட்லரிடம் படித்த படிப்பு ஐயா. சொந்த சோகத்தைத் தோண்டி நடி என்பார் இன்னொரு நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க். கற்பனையிலிருந்து நடி என்பார் ஆட்லர். 'இயல்பு' என்று நீங்கள் சொல்வதற்குள்ளேயே இத்தனை சண்டை!

எனக்கும் அனுபவம் உண்டு. ஒரு குறும்படத்தில் மகனைப் பறிகொடுத்த அப்பா வேடம். 'சார், நடிக்காதீங்க, சும்மா நில்லுங்க' என்றார் இயக்குநர். நின்றேன். திரையில் பார்த்தால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி இருந்தேன். காட்சியையே தூக்கிவிட்டார்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

'அப்போ இப்போதைய நடிப்பு பிடிக்காதா?' என்று ஒருவர் கிளம்புவார். 'மான்செஸ்டர் பை த சீ' என்ற இந்தக் காலத்து ஆங்கிலப் படத்தில் கேஸி அஃப்ளெக்கும் மிஷெல் வில்லியம்ஸும் தெருவில் சந்திக்கும்போது ஒரு வாக்கியத்தைக்கூட ஒழுங்காக முடிக்க முடியாமல் ஒருவர் பேச்சில் ஒருவர் இடறுவார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதை எழுதி இயக்கிய கென்னத் லோனர்கனும் நாடகக்காரர்தான், தெரியுமா? மைக் மாறிவிட்டது, கேமரா மாறிவிட்டது என்பீர்கள். மாறட்டும், அதனால் பழையவர்கள் கோமாளிகளா?

இதையெல்லாம் அந்த வீடியோவுக்குக் கீழே பொறுமையாக எழுதினேன். வந்த பதில்: 'அங்கிள், நீங்க சீரியல் பாருங்க.' வயதைச் சொல்லி வாயை அடைப்பதற்குப் பெயர் ரசனையாம். பிளாக் செய்துவிட்டேன். இனி அவரும் என் பக்கம் வராமல் இயல்பாகச் சும்மா நிற்கலாம்.