அப்பீலில் அரசுத் தரப்புக்கு வேலையே இல்லையா?

“தண்டனை வந்ததோடு அரசு வக்கீலின் வேலை முடிந்தது, அப்பீலில் நீதிபதியும் தண்டிக்கப்பட்டவரின் வக்கீலும் மட்டும்தான்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. அப்பீலை விசாரணைக்கு ஏற்றால் அரசுத் தரப்புக்கும் நோட்டீஸ் போக வேண்டும். அவர்கள் ஆஜரானால் வாதத்தைக் கேட்டாக வேண்டும்.

ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கையே பாருங்கள். கர்நாடக உயர் நீதிமன்ற அப்பீலில் பவானி சிங்கை அரசு வக்கீலாக நியமிக்கத் தமிழக அரசுக்கு அதிகாரமில்லை, அது கர்நாடகாவின் உரிமை என்று 2015 ஏப்ரல் 27-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலையே இல்லாத வக்கீலுக்காகவா உச்ச நீதிமன்றம் வரை போவார்கள்?

மே 11-ல் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் கடன்களைக் கூட்டியதில், 10.67 கோடி என்று வரவேண்டிய தொகை 24.17 கோடி என்று தவறாக இருந்தது! கர்நாடக அரசு உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போனது. 2017 பிப்ரவரி 14-ல் விடுதலை ரத்தானது.